சக்கையுள்ளும் சருக்கரை

"நெல்லும் வைக்கோலும் ஒரே பயிரில் விளைகின்றன. நெல்லை நாம் உண்கிறோம். வைக்கோலை மாடு உண்கிறது. மாட்டுக்குச் செரிப்பது மாந்தனுக்கு ஏன் செரிப்பதில்லை, ஐயா?"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் இவ்வாறு வினவினான். நான் நடத்திக்கொண்டிருந்ததோ தமிழ்ப்பாடம். "இதனை அறிவியல் வகுப்பிற் கேட்டிருக்கலாமே, தம்பி" என்றேன். "கேட்டேன், ஐயா. வைக்கோலில் செல்லுலோசு இருக்கிறது. அதனால் செரிப்பதில்லை என்றார்கள். அது பெயர்தானே, ஐயா? விடை ஆகாதே!" என்றான்.

அன்று என்னால் அவனுக்கு விடை கூற முடியவில்லை. வேதியியல் கற்ற நண்பர் ஒருவர் துணையுடன் ஆங்கில நூல்களைப் புரட்டிப் பார்த்தே அதனை அறிந்துகொண்டேன். அறிந்தபின், ஒரு மாணவனுக்கு மட்டுமன்றித் தமிழ் மக்கள் அனைவர்க்குமே கூறத்தக்க செய்தி அது என்பது விளங்கிற்று. ஆகலின் இங்கு எழுதுகின்றேன்.

ஒரே சருக்கரை, இருவேறு கட்டு

அரிசியின் மாவும் வைக்கோலின் நாரும் அடிப்படையில் ஒரே பொருளால் ஆனவை. அப்பொருள் குளுக்கோசு என்று மேலையர் வழங்கும் எளிய சருக்கரை. கிரேக்க மொழியில் அப்பெயர்க்கு 'இனியது' என்பதே பொருள். நாம் அதனை 'இனியம்' என்போம். இனிய மூலக்கூறுகள் பூமாலையிற் பூக்கள்போல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீண்ட தொடராகின்றன. ஒருவகையாகக் கோத்தால் மாவுப்பொருள். மற்றொரு வகையாகக் கோத்தால் நார்ப்பொருள். வேற்றுமை பூவில் இல்லை, முடிச்சில்தான் உள்ளது.

மாவின் முடிச்சை அவிழ்க்கும் நொதிகள் நம் உமிழ்நீரிலேயே உள்ளன. அதனாலன்றோ சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறது! நாரின் முடிச்சை அவிழ்க்கும் நொதி நம் உடலில் இல்லை. மாட்டின் உடலிலும் இல்லை. ஆயின், மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் கண்காணா நுண்ணுயிர்கள் அதனைச் செய்துவிடுகின்றன. அசைபோடும் மாட்டின் வயிறு ஓர் ஆலை; அதன் பணியாளர் அந்நுண்ணுயிர்கள். மாணவன் கேட்ட வினாவுக்கு விடை இவ்வளவே.

இந்நார்ப்பொருளைத்தான் செல்லுலோசு என்கின்றனர். நான் அதனை 'நாரியம்' என்கிறேன். ஆனால், வைக்கோலிலும் சக்கையிலும் நாரியம் தனித்திருப்பதில்லை. அதனைச் சுற்றி எமிசெல்லுலோசு என்னும் 'துணைநாரியம்' பின்னிக் கிடக்கிறது. இவ்விரண்டையும் சாந்துபோல் இறுக்கிப் பிடிப்பது இலிக்னின் என்னும் 'இறுகியம்'. பொதுவாகப் பயிர்த்தாளின் உலர்ந்த எடையில் 35 முதல் 50 விழுக்காடு வரை நாரியமும், 20 முதல் 35 விழுக்காடு வரை துணைநாரியமும் இருக்கும். எஞ்சியதில் பெரும்பங்கு இறுகியம். ஆகவே, தாளிலும் தட்டையிலும் சக்கையிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு சருக்கரையாகத்தக்க பொருளே. அறுவடைக்குப் பின் நம் கண்முன் தீப்பற்றி எரிவது கட்டுண்டு கிடக்கும் சருக்கரை.

கட்டவிழ்த்த கதை

இக்கட்டை அவிழ்க்கலாம் என்று காட்டியவர் பிரான்சு நாட்டு ஆன்றி பிராக்கொன்னோ என்பார். 1819-ஆம் ஆண்டில் அவர் கந்தல் துணியைக் கந்தகக் காடியில் ஊறவைத்துப் பின் நீர்விட்டுக் காய்ச்சிச் சருக்கரை எடுத்தார். ஒரு பங்கு கந்தலிலிருந்து ஒரு பங்கினும் சற்று மிகுந்த சருக்கரை கிடைத்தது. உலகம் வியந்தது. இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முடிச்சு அவிழும்போதும் ஒரு நீர் மூலக்கூறு உட்சென்று சேர்கிறது; 162 பங்கு நாரியம் 180 பங்கு இனியமாகிறது. இதனை நீராற்பகுப்பு என்பர்.

காடியால் முடிந்த செயல் ஏன் உலகெங்கும் பரவவில்லை? நீர்மக் காடி சருக்கரை நீரோடு கலந்துவிடுகிறது. குழம்பிற் கரைந்த உப்பை மீட்க முடியுமா? காடியை அழிக்கச் சுண்ணாம்பு கொட்ட வேண்டும். கொட்டினால் பயனற்ற சுண்ணக் குப்பை மலைபோற் குவியும். கலங்களைக் காடி அரித்துத் தின்னும். அது கழிந்த நீர் ஆற்றையும் நிலத்தையும் கெடுக்கும். போதாக்குறைக்கு, விடுபட்ட சருக்கரையையும் அக்காடி விட்டுவைக்காமல் கரியாக்கும்.

அடுத்து வந்தது நொதி வழி. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் விரைந்து மட்கின. அவற்றைத் தின்ற பூசணத்தைப் படையின் ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். நாரியத்தை அறுக்கும் நொதிகளை இன்றும் அப்பூசணத்தின் வழிவந்தவையே மிகுதியாகத் தருகின்றன. நொதி மென்மையாகவும் பழுதின்றியும் வேலை செய்யும். ஆயின் விலை மிகுதி, வேகம் குறைவு. ஒருமுறை இட்ட நொதியை மீட்டெடுத்தலும் அரிது.

மூன்றாவது வழியே இக்கட்டுரைக்குக் கருவானது. அது மீளப் பயன்படும் திண்ம வினையூக்கி. வினையூக்கியாவது, தான் செலவாகாமல் பிறிதொரு வினையை விரைவுபடுத்தும் பொருள். உரலில் நெல்லைக் குற்றினால் நெல் அரிசியாகும். உரல் உரலாகவே இருக்கும். நாளையும் குற்றலாம், பேரன் காலத்திலும் குற்றலாம். காடித்தன்மையை நீர்மத்தில் வைக்காமல் ஒரு திண்மப் பொருளின்மேல் நிலைநிறுத்திவிட்டால், வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்துக் கழுவி மீண்டும் இடலாம். சுண்ணாம்பும் வேண்டா, குப்பையும் சேராது.

2005-ஆம் ஆண்டு சப்பான் நாட்டில் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்து மிச்சிக்காசு ஆரா என்பாரும் உடனாய்வாளரும், சருக்கரையையே அரைகுறையாகக் கரியாக்கி, அக்கரிமேல் கந்தகக் காடித் தன்மையை ஏற்றி ஒரு வினையூக்கி செய்தனர். 2008-இல் அவ்வகைக் கரியைக் கொண்டு, ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தில், நாரியத்தை நீரிற் கரையும் குறுந்தொடர்களாக அறுத்துக் காட்டினர். அக்கரியின் ஒரு பகுதி நாரியத் தொடரைப் பற்றிக்கொள்ளும்; மற்றொரு பகுதி அறுக்கும். சருக்கரையிற் பிறந்த கரியே சருக்கரையை விடுவிக்கும் கருவியாயிற்று.

அதே நாட்டின் ஒக்கைடோ பல்கலைக்கழகத்தில் 2006-ஆம் ஆண்டு அட்சுசி புக்குவோக்கா, பரேசு தேப்பே ஆகிய இருவரும், பிளாட்டினம் போன்ற அருமாழைகளைத் தாங்கிய திண்ம வினையூக்கியால் நாரியத்தைச் சார்பிட்டால் என்னும் இன்பொருளாக மாற்றினர். பற்பசைக்கும் உயிர்ச்சத்து 'சி' ஆக்கத்துக்கும் அப்பொருளே மூலப்பொருள். பின்னர்ப் புனே நகரின் நாட்டு வேதியியல் ஆய்வகத்தில் பணியேற்ற தேப்பே, 2012-இல் கரும்புச் சக்கை, நெல் உமி, கோதுமைத்தாள் ஆகியவற்றிலிருந்து நேரடியாக, ஒரே கலத்தில், திண்மக் காடி வினையூக்கிகளைக் கொண்டு துணைநாரியத்தைச் சருக்கரையாக்கும் முறையை வெளியிட்டார். அவ்வினையூக்கிகளில் முதன்மையானவை சியோலைட்டு எனப்படும் நுண்துளைக் கற்கள். துணைநாரியத்திலிருந்து வருவன சைலோசு என்னும் சருக்கரையும் பர்பூரால் என்னும் எண்ணெய்ப் பொருளும் ஆகும். சைலோசினின்று பற்சிதைவு உண்டாக்காத இனிப்பாகிய சைலிட்டால் செய்வர். பர்பூராலினின்று பிசின்களும் கரைப்பான்களும் செய்வர்.

பெயர்கள் பிறந்த இடம்

இதுவரை படித்தவர் ஒன்றைக் கருதியிருப்பர். சியோலைட்டு, சைலோசு, பர்பூரால்! இப்பெயர்களைக் கேட்டவுடன் நம் பிள்ளைகள் மருள்கின்றனர். 'இவையெல்லாம் தமிழில் வாரா. ஆங்கிலத்திற் படித்தால்தான் அறிவியல்' என்று பெற்றோரும் நம்புகின்றனர். இப்பெயர்களின் உள்ளுறையை எவரேனும் அப்பிள்ளைகட்குக் கூறினரா?

1756-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கனிம அறிஞர் கிரான்சிடெட்டு ஒரு கல்லைச் சூடேற்றினார். அது நுரைத்துக் கொதித்தது. 'கொதிக்கும் கல்' என்று பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கூட்டிச் சியோலைட்டு என்று பெயரிட்டார். அவ்வளவே! தமிழிற் 'கொதிகல்' என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குமே! சைலோசு என்பது மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது, 'மரவினியம்' என்க. பர்பூரால் என்பதோ தவிட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. தவிட்டைக் காடியோடு காய்ச்சி எடுத்தமையால் அப்பெயர் பெற்றது. அதனைத் 'தவிட்டியம்' என்றால் இழிவோ? 1922-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், உணவுக்கு ஓட்சு தீட்டிய ஆலை ஒன்று எஞ்சிய உமிமலையை என் செய்வதென்று தெரியாமல், அதிலிருந்து இத்தவிட்டியத்தை ஆலையளவில் எடுக்கத் தொடங்கியது. தவிட்டிற் பெயரெடுத்து உமியிற் பொருளெடுத்தனர். அவர்க்குத் தவிடு இழிவாகத் தோன்றவில்லை.

மேலையர் தம் அடுப்படியிலும் களத்திலும் கண்டவற்றைத் தம் பழமொழிகளின் சொற்களால் அழைத்தனர். நம்மவரோ அதே தவிட்டையும் மரத்தையும் கொதியையும் பொருளறியாத ஒலிகளாக உருப்போட்டு மதிப்பெண் வாங்குகின்றனர்.

பயிரின் உறுப்புகளைப் பெயரிட்டழைப்பதில் தமிழுக்கு நிகர் எது? மொழிஞாயிறு பாவாணர் இதனை எடுத்துக்காட்டியிருக்கின்றார். நெல்லின் அடி தாள். கீரையின் அடி தண்டு. கம்பு சோளத்தின் அடி தட்டை. கரும்பின் அடி கழி. மூங்கிலின் அடி கழை. காய்ந்த இலை சருகு. காய்ந்த தாளும் தோகையும் சண்டு. பிழிந்தபின் எஞ்சுவது சக்கை, கரும்பில் உரித்துப் போடுவது சோகை, நெல்லின் மேலுறை உமி, மணிபிடியாதது பதர், பருத்திச்செடியின் காய்ந்த குச்சி பருத்திமாறு. சேலம் பக்கத்து மரவள்ளி ஆலைகளில் மாவெடுத்த பின் எஞ்சுவதற்கும் திப்பி என்ற தனிப்பெயர் உண்டு. ஆங்கிலத்தான் இவற்றுட் பலவற்றை ஒரே சொல்லால் 'பயிர்க்கழிவு' என்கிறான். ஆய்வகத்திலோ உமி வேறு, தாள் வேறு, சக்கை வேறு. அவற்றின் சாம்பல் அளவும் இறுகிய அளவும் வெவ்வேறு. வேறுபாட்டை உணர்ந்து வெவ்வேறு சொல் வைத்திருக்கும் மொழி அறிவியலுக்கு ஆகாத மொழியாமா?

'பெயரை மாற்றிவிட்டால் ஆய்வு வளர்ந்துவிடுமா?' என்று சிலர் எள்ளுவர். பெயரால் மட்டும் வளராது, ஒப்புகிறேன். ஆனால், பொருள் விளங்காத பெயர் வினாவை அடைத்துவிடும். என் மாணவன் 'ஏன்' என்று கேட்டான். 'செல்லுலோசு' என்னும் ஒலி அவன் வாயை அடைக்க வந்தது. அடைபடாமல் மீண்டும் கேட்டதால் அவனைப் பாராட்டுகிறேன். அடைபட்டு அமர்ந்தவர் எத்தனை ஆயிரவரோ! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன் என்னும் அமெரிக்கர் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் 1875-இல் வேதியியல் நூலும் தமிழில் வெளிவந்தது. அயலார்க்கு அன்று இயன்றது நமக்கு இன்று இயலாதோ?

இன்றைய நிலை

பொய்யான நம்பிக்கை ஊட்டுதல் நம் நோக்கமன்று. திண்ம வினையூக்கி வழி இன்னும் ஊர்தோறும் ஆலையாகிவிடவில்லை. தடைகள் பல. நாரியமும் திண்மம், வினையூக்கியும் திண்மம். இரு கற்கள் எவ்வளவு உராய்ந்தாலும் தொடுமிடம் சிறிதே. அதனால் நாரியத்தை முதலில் நுண்ணிதாக அரைக்க வேண்டியுள்ளது. அதற்கு ஆற்றல் செலவாகும். வைக்கோலிலுள்ள பொட்டாசியம் முதலிய உப்புகள் வினையூக்கியின் காடித் தன்மையைத் தணித்துவிடும். கரி படிந்து கொதிகல்லின் நுண்துளைகள் அடைபடும். அப்போது அதனைச் சுட்டெரித்துத் தூய்மை செய்தாக வேண்டும். எத்தனை முறை மீளப் பயன்படும் என்பதே இத்துறையின் உயிர்வினா.

தடைகளுள்ளேயே வாய்ப்பும் உண்டு. உமிச்சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை மணற்பொருளாகிய சிலிக்கா உள்ளது. கொதிகல் செய்வதற்கு வேண்டிய மூலப்பொருள்களுள் ஒன்று அச்சிலிக்காவே. உமிச்சாம்பலிலிருந்து கொதிகல் ஆக்கலாம் என்பதும் ஆய்வகங்களில் மெய்ப்பிக்கப்பட்டது. உமியிலிருந்தே வினையூக்கி; அவ்வினையூக்கியால் உமியிலிருந்தே சருக்கரை. நெல் விளையும் நாட்டுக்கு இதனினும் பொருந்திய ஆய்வு யாது?

வடபுலத்தில் பஞ்சாபிலும் அரியானாவிலும் ஆண்டுதோறும் நெல்தாளைத் தீயிட்டுத் தில்லி மாநகரே மூச்சுத் திணறுவதை யாவரும் அறிவர். 2022-ஆம் ஆண்டு ஆகத்து 10-ஆம் நாள் அரியானாவின் பானிப்பட்டில், ஆண்டுக்கு 2 இலக்கம் தொன் நெல்தாளிலிருந்து 3 கோடி இலிட்டர் எரிசாராயம் எடுக்கத் திட்டமிட்ட ஆலை ஏறத்தாழ 900 கோடி உருபா செலவில் திறக்கப்பட்டது. அது நொதி வழி ஆலை. இந்திய ஒன்றியத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி தொன் பயிர்த்தாளும் சக்கையும் விளைவதாக அரசின் மதிப்பீடு கூறுகிறது. அதன்முன் அவ்வாலை கடுகளவு.

இதற்கிடையே, பெட்ரோலில் 20 விழுக்காடு எரிசாராயம் கலக்கும் இலக்கை 2025-இல் எட்டிவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அவ்வெரிசாராயத்தின் பெரும்பகுதி எதிலிருந்து வந்தது? கரும்பிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், உணவுக் கழகக் கிடங்கின் அரிசியிலிருந்தும் வந்தது. உண்ணும் மணியை வண்டிக்கு ஊற்றுகிறோம். உண்ணாத தாளைத் தீக்கு ஊட்டுகிறோம். இது தலைகீழ் முறை அன்றோ?

மாட்டின் பங்கும் மண்ணின் பங்கும்

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். 'கழிவு' என்னும் சொல்லே ஆலைக்காரன் கண்ணிற் பிறந்தது. உழவன் கண்ணுக்கு வைக்கோல் கழிவன்று. அது மாட்டின் உணவு. சருகு கழிவன்று, மண்ணின் உணவு. கரும்புச் சக்கையும் ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. 1979-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாட்டுத் தாள் ஆலை, கரூர்ப் பகுதியில் அச்சக்கையிலிருந்தே எழுதுதாள் செய்து வருகிறது. நெல்லின் அடிக்கும் தாள் என்றே பெயர், எழுதும் ஏட்டுக்கும் தாள் என்றே பெயர் என்பதை நினைக்க மகிழ்ச்சியே.

ஆகவே, ஆலை வருகிறது என்று வயலைத் துடைத்து வழித்துக் கொடுத்துவிடுதல் கூடாது. மாட்டின் பங்கு முதலில். மண்ணின் பங்கு அடுத்து. அதன்பின் எஞ்சித் தீக்கு இரையாவதே ஆலைக்கு உரியது. கரும்பு வயலிற் கொளுத்தப்படும் சோகை, பருத்திமாறு, உமி, திப்பி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அவற்றுக்கும் உழவனுக்கு உரிய விலை கொடுத்தாக வேண்டும். 'கழிவுதானே' என்று இன்று இலவசமாக வாரிச்சென்று, நாளை அதிலிருந்து எடுத்த இனிப்பை அவனுக்கே விலைக்கு விற்கும் நிலை வரலாகாது. கழிவு என்ற பெயரை ஒப்புக்கொண்டால் விலை கேட்கும் உரிமையையும் இழப்போம். சொல்லைக் காப்பது பொருளையும் காப்பதாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாம் கேட்க வேண்டுவன

முதலாவது, மக்கள் வரிப்பணத்தால் நடைபெறும் ஆய்வுகளின் முடிவுகள் மக்கள் மொழிகளிலும் வெளிவரல் வேண்டும். புனே ஆய்வகத்தின் ஆய்வு ஆங்கில இதழில் வெளிவந்தது. அதனைக் குறைகூறவில்லை; உலகறிஞர் அறிய அது வேண்டும். அதே ஆய்வின் சுருக்கம் மராத்தியிலும் தமிழிலும் நான்கு பக்கத்தில் வெளிவந்தால், சக்கைக்கு உரிய உழவனும் அறிவான். உமிக்கு உரிய அரவை ஆலையாரும் அறிவர்.

இரண்டாவது, தமிழகத்து வேளாண் பல்கலைக்கழகமும் பொறியியற் கல்லூரிகளும் உமிச்சாம்பற் கொதிகல்லையும் சோகைச் சருக்கரையையும் தம் ஆய்வுப் பொருளாக்கி, மாணவர் ஆய்வேடுகளைத் தமிழிலும் ஏற்றல் வேண்டும்.

மூன்றாவது, பள்ளிப் பாடநூலில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் அதன் பிறப்புப் பொருளை ஒரு வரியில் தருதல் வேண்டும். 'செல்லுலோசு' என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, 'நாரிலுள்ள இனியத் தொடர், முடிச்சு வேறு, ஆதலால் நமக்குச் செரியாது' என்று சொல்ல ஒரு வரி போதும்.

நான்காவது நம் கடமை. நான் இங்கு வழங்கிய இனியம், நாரியம், துணைநாரியம், இறுகியம், மரவினியம், தவிட்டியம், கொதிகல் என்பவற்றினும் நல்ல சொற்கள் அன்பர்கட்குத் தோன்றினால் இதழுக்கு எழுதுக. சொல்லாக்கம் ஒருவர் சொத்தன்று. ஆனால், எழுதுவதோடு நில்லாமல் வழங்குக. தம் பிள்ளைகளிடமும் மாணவரிடமும் வழங்குக. வழங்காத சொல் அகரமுதலியில் உறங்கும் பதரே.

மறுவாரம் அம்மாணவனை அழைத்து விடை கூறினேன். கேட்டுவிட்டு ஒரு நொடி எண்ணிப் பார்த்தான். "அப்படியானால் அந்த முடிச்சை நாமும் அவிழ்க்கலாமே, ஐயா!" என்றான். பிராக்கொன்னோவும் ஆராவும் தேப்பேயும் தொடங்கிய இடம் அதுவே. தமிழிற் கேட்டு, தமிழில் விளங்கி, தமிழிலேயே அவன் அவ்விடம் வந்து சேர்ந்தான். அவனுக்கு மேலும் வழிகாட்ட நூல் எங்கே, ஆய்வகம் எங்கே என்பதே இனி நாம் விடை கூற வேண்டிய வினா.

தாளும் நமது, தமிழும் நமது. இரண்டையும் எரியவிடாதிருப்போம்!